இளைத்துப் போன கல்

என் வீட்டுக்காரருக்குச் சின்னதாக எதையும் செய்யத் தெரியாது. கல்யாணமான புதிதில் உப்புப் போட்டு வைக்க ஒரு கிண்ணம் செதுக்கித் தரச் சொன்னேன். தந்தார். அதில் ஒரு வாத்து இறங்கிக் குளிக்கலாம். "நான் நம்ம வீட்டுக்குக் கேட்டேனா, ஊருக்கே சேர்த்துக் கேட்டேனாய்யா?" என்று கத்தினேன். அதைத் தூக்கிக் கொல்லையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இன்றைக்கும் எங்கள் கோழிகள் அதில்தான் தண்ணீர் குடிக்கின்றன.

ப்ரொகோப் மாலெக் என்ற அந்த மனிதரைப் பற்றி எங்கள் ஊர் ஸ்கல்காவில் பலவிதமாகப் பேசுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் அவரோடு குப்பை கொட்டியவள் நான். எனக்குத் தெரிந்ததை நான் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய அப்பா மணற்கல் சுரங்கத்தில் கல்லுடைத்தவர். தூசி நெஞ்சில் அடைத்து, இருமி இருமியே செத்தார். அம்மா, பையன் கல்லை உடைக்க வேண்டாம், செதுக்கட்டும் என்று கற்சிற்பப் பள்ளியில் சேர்த்தாள். தூசி இரண்டிலும் ஒன்றுதான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அங்கிருந்து ப்ராகுக்குப் போனார். வங்கிக் கட்டடங்களின் வாசலைத் தோளில் தாங்கிக்கொண்டு நிற்கும் பூதாகரமான கல் ஆண்கள் உண்டே, அவர்களைச் செய்யும் பட்டறையில் வேலை. முதலில் கால்விரல், பிறகு முழங்கால், பிறகு தோள். முகம் மட்டும் முதலாளி சிற்பியின் வேலை. முகம் செய்யத் தனக்கு யாரும் கொடுக்கவில்லை என்ற ஆத்திரத்தில்தான் ஊருக்குத் திரும்பினார். ரொட்டிக்கடைக்காரர் மகளான என்னைக் கட்டினார். மகள் யித்கா பிறந்தாள். போர்க்காலம் முழுக்கக் கல்லறைக் கல் செதுக்கினோம். அதற்கு மட்டும் பஞ்சமே இல்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். சிலை எதுவானாலும் முகம் ஊர்க்காரர் முகம்தான். பாலத்தில் நிற்கும் புனிதருக்கு மாவுமில்காரரின் தாத்தா முகம். கல்லறைத் தோட்டத்துத் தேவதை என் அத்தை. அவள் உயிரோடிருந்தபோது தேவதைக் குணம் துளிகூடக் கிடையாது. இதை நாங்கள் முகம் கொடுப்பது என்போம். முகம் கொடுத்தவருக்குக் காசு கொடுப்பது அவமானம். அதற்குப் பதில், இலையுதிர் காலத்து மாதா கோயில் திருநாளன்று சிற்பி அவர் வீட்டுக்கு உயிரோடு ஒரு வாத்து அனுப்ப வேண்டும். ஒரு வருஷத்துக்கு மட்டுமல்ல, முகம் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரை. வாத்தைத் திருப்பி அனுப்பினால் முகத்தைத் திரும்பக் கேட்பதாக அர்த்தம். அப்படி நடந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை, எங்கள் வீட்டில் நடக்கும்வரை.

போர் முடிந்த மறுவருஷம், சந்தை மைதானத்தில் ஒரு நினைவுச் சிலை வைக்க ஊர் முடிவு செய்தது. மூன்று ஆள் உயரம். என் வீட்டுக்காரர் பிறந்ததே அதற்குத்தான் என்பதுபோல் ஆடினார். கல்லுடைப்பவன் ஒருவன், ஒரு கையில் சம்மட்டி, மறு கையை நெற்றிக்கு மேல் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு தூரத்தைப் பார்க்கிறான். முகம் யாருடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஹினெக் வாவ்ரா.

ஹினெக்கும் இவரும் ஒரே பெஞ்சில் அடி வாங்கிப் படித்தவர்கள். ஹினெக் சுரங்கத்திலேயே தங்கிவிட்டான். எருமைத் தோள், பெரிய தாடை, சின்ன வயதில் கல் தெறித்து உடைந்து வலப்பக்கம் சாய்ந்த மூக்கு. கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தான்.

"என் மூஞ்சியையா? புறா எச்சம் போடவாடா?"

"போடட்டும். உனக்கு அந்த மரியாதையாவது கிடைக்கட்டும்" என்றார் இவர். "மூக்கு அப்படியே கோணலாத்தான் இருக்கும். நேராக்கச் சொல்லிக் கேக்காத."

"நேராக்கினா ரூஜெனா என்னை அடையாளம் தெரியாம வீட்டுக்குள்ள விடமாட்டா."

ரூஜெனா அவன் பெண்டாட்டி. அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். "இப்பவே விட யோசிக்கிறேன்" என்றாள். நாங்கள் நால்வரும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அந்தச் சிலையை ஒரே கல்லில் செய்ய முடியாது. கால் ஒரு கல், உடம்பு ஒரு கல். ஆனால் தோளும் தலையும் நெற்றிக்கு மேல் எழுந்த கையும் ஒரே கல்லாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கை விழுந்துவிடும். அவ்வளவு பெரிய, விரிசல் இல்லாத கல் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஹினெக்தான் தேடினான். பாறையைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டான். கடைசியில் சுரங்கத்தின் வடமூலையில் ஒன்றைக் கண்டுபிடித்து, ஆப்பு அடித்து, ஒரு கீறல் படாமல் தானே இறக்கினான். தன் தலையைத் தானே பாறையிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் அவன். இதை நினைவில் வையுங்கள். பின்னால் வந்தவர்கள் "வேற தலை வைங்க" என்று ரொம்பச் சுலபமாகச் சொன்னார்கள். வேறு கல் இல்லை.

வேலை வருஷக்கணக்கில் இழுத்தது. அதற்குள் ஆட்சி கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறியது. ஊர்க் கமிட்டிக்கு பிலார் தலைவரானான். கசாப்புக் கடையில் எடுபிடியாக இருந்தவன். இப்போது தோழர் பிலார். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். பயந்தவன். பயந்தவன் கையில் முத்திரை கிடைத்தால் கெட்டவனே தேவலை.

சிலையை மைதானத்தில் ஏற்றிச் சாரம் கட்டித் தார்ப்பாய் போட்டு மூடி, மேலே நின்று முகத்தை முடித்துக்கொண்டிருந்த சமயம். ஓர் இலையுதிர் காலம். சுரங்கத்தில் கூட்டம் போட்டு, இன்னும் அதிகக் கல் எடுக்க வேண்டும் என்றார்கள். ஹினெக் எழுந்து, "கல் எடுக்கலாம். அதுக்கப்புறம் எங்களை எடுக்கிறதுக்கு ஆள் வச்சுக்கங்க" என்றான். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு பையன் பாறைக்கு அடியில் நசுங்கியிருந்தான். கூட்டத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். மறுநாள் ஹினெக்கைக் கொண்டுபோனபோது எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நாங்களும்தான். நாசவேலைக்காரன் என்று தீர்ப்பு. கைதியாக யுரேனியச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள்.

பிலார் எங்கள் வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"தோழர் மாலெக், அந்த முகத்தை மாத்திடுங்க."

"என்ன மாத்துறது? களிமண்ணா அது?"

"மக்கள் விரோதி மைதானத்துல நிக்கமுடியுமா? நீங்களே சொல்லுங்க. வசந்தத்துல திறப்பு விழா. மாவட்டத்துக்கு எழுதியாச்சு. கொஞ்சம் அழகா, இளமையா, யாராவது ஒருத்தரா..."

"பிலார்," என்றார் இவர், தோழரை விட்டுவிட்டு. "கல்லுல எடுக்கத்தான் முடியும். வைக்க முடியாது. புரியுதா? எடுத்தா எடுத்ததுதான்."

"அப்ப எடுங்க" என்றான் பிலார்.

இவர் முடியாது என்றார். உளியைத் தொடவில்லை. நாள் போனது. பிறகு யித்காவைப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு, மருத்துவம் படிக்க விண்ணப்பிக்கிறாயே, கமிட்டியின் சிபாரிசு கிடைக்குமா என்று பார் என்று தேன் தடவிச் சொல்லி அனுப்பினார்கள். பிள்ளை வந்து அழவில்லை. புத்தகத்தை எல்லாம் எடுத்துக் கட்டிப் பரண்மேல் போட்டாள். நான் நேரே இவரிடம் போனேன்.

"போய் வெட்டுய்யா" என்றேன். நான்தான் சொன்னேன். யார் கேட்டாலும் இன்றைக்கும் அதையே சொல்வேன். "அவன் முகம் அவன்கிட்டத்தான் இருக்கு. மேல இருக்கிறது கல்லு."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! எழுந்து போனார்.

நானும் பின்னாலேயே போனேன். தார்ப்பாய்க்கு உள்ளே சாரத்தின் அடியில் ஏற்கெனவே ரூஜெனா நின்றுகொண்டிருந்தாள். எப்படித்தான் தெரிந்ததோ! சந்தைப் பை கையில். மேலே அண்ணாந்து, "ப்ரொகோப்! அவரோட போட்டோவைக்கூட வீட்டைச் சோதனை போட்டு எடுத்துட்டுப் போயிட்டாங்க. எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு. தொடாத!" என்றாள்.

மேலே பலகை அசைந்தது.

"ப்ரொகோப், அந்தக் கல்லை உனக்கு எடுத்துக் குடுத்தது யாருன்னு ஞாபகம் இருக்கா?"

உளிச் சத்தம் கேட்டது. ஒரே அடி. மூக்கு முழுசாகப் பெயர்ந்து, பலகையில் பட்டு உருண்டு, அவள் காலடியில் வந்து விழுந்தது. ஒரு ரொட்டி அளவு இருக்கும். வலப்பக்கம் சாய்ந்த கோணல் மூக்கு. ரூஜெனா குனிந்து எடுத்தாள், பைக்குள் உருளைக்கிழங்கோடு போட்டுக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்து, "உன் மக டாக்டராகட்டும்டி. நெஞ்சுக்கு வைத்தியம் பாக்கட்டும்" என்றாள். அதற்குப் பிறகு எங்களோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

அந்த வருஷத் திருநாள் அதற்கு அடுத்த வாரமே வந்தது. வழக்கத்தை விட முடியாது என்று இவர் அவள் வீட்டு வேலிக்குள் வாத்தை விட்டுவிட்டு வந்தார். மத்தியானத்துக்குள் வாத்து எங்கள் கொல்லையில், உப்புக் கிண்ணத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

மூக்கு போனதோடு தீர்ந்ததா என்றால், இல்லை. உள்ளே இருந்த கல்லில் வேறு மூக்கு, நேராக, சின்னதாக வைத்தார். அதற்காகக் கன்னத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருந்தது. பிலார் ஏணியில் ஏறிப் பார்த்து, சரி என்று இறங்கினான். அன்று சாயங்காலமே பீர்க்கடையில், "ஹினெக் மூக்கைச் சரி பண்ணிட்டாங்களாம்" என்று பேச்சு. பிலார் ஓடி வந்தான்.

"இன்னும் அடையாளம் தெரியுதாம்."

"இந்த ஊருக்குப் பின்னாடி நின்னு காட்டினாலும் அடையாளம் தெரியும்" என்றார் இவர்.

தாடையை எடுக்கச் சொன்னான். எடுத்தார். புருவ மேட்டை எடுக்கச் சொன்னான். எடுத்தார். கன்னம் இன்னும் உள்ளே போயிற்று. காதைச் சின்னதாக்கினார். ஒவ்வொரு தடவையும் தலை ஒரு சுற்று இறங்கியது. நெற்றிக்கு மேல் இருந்த கை மட்டும் அப்படியே பெரியதாக நின்றது. கமிட்டிக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் ஏணியில் ஏறி, ஆளுக்கொன்று சொன்னார்கள். கல்லுடைக்கும் ஊரில் பிறந்தவர்கள், கல்லில் கைவைத்து வளர்ந்தவர்கள். கல் திரும்பி வராது என்று இவர்களுக்கா தெரியாது? தெரியும். பயம் வந்துவிட்டால் தெரிந்தது எல்லாம் மறந்துபோகிறது. கடைசியில் ஒருநாள் இவர் உளியைக் கீழே போட்டார்.

"இதுக்கு மேல எடுத்தா கழுத்துதான் இருக்கும். அதுக்கு யார் முகம்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. உருளைக்கிழங்கு சூப்பை வைத்தால் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். ப்ராகில் முகம் கொடுக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு வந்த மனிதர். கிடைத்த ஒரே பெரிய முகத்தை இப்படி உரித்து வைத்திருக்கிறாரே என்று எனக்கு அவர்மேல் பரிதாபம், பிலார்மேல் கோபம், ஹினெக்மேல்கூடக் கோபம். அவன் அந்தக் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே!

மே மாதம் திறப்பு விழா. மாவட்டத்திலிருந்து கார் வந்தது. பாண்டு, கொடி, பள்ளிப் பிள்ளைகள் கையில் லைலாக் பூ. பிலார் கயிற்றை இழுத்தான். துணி விழுந்தது.

எல்லாரும் அண்ணாந்தார்கள். நான் மேலே பார்த்தேன். சாரம் இல்லாமல் கீழேயிருந்து அதை நான் முதல் தடவையாக அப்போதுதான் பார்க்கிறேன். எருமைத் தோள்மேல் ஒரு சின்னத் தலை. ஒட்டிப்போன கன்னம். குழிக்குள் போன கண். அந்தப் பெரிய கையின் நிழலில் முகம் ஒடுங்கிக் கிடந்தது. அழகும் இல்லை, இளமையும் இல்லை.

டோமெஷ் கிழவர் முன்வரிசையில் இருந்தார். ஆயுசு முழுக்கப் பாறைக்கு வெடி வைத்து இரண்டு காதும் செவிடாகிப்போனவர். பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"அடப்பாவமே! நம்ம ஹினெக் ஜெயில்ல எப்படி இளைச்சுட்டான் பாத்தியா!"

பிலார் அவசர அவசரமாகக் கை தட்டினான். பாண்டு வாசித்தது. கூட்டத்தில் சில பெண்கள் தலைத்துணியின் முனையை வாயில் வைத்துக்கொண்டார்கள், சிரிப்பா அழுகையா தெரியவில்லை. மாவட்டத்துக்காரர்களுக்கு எந்த ஹினெக் என்று தெரியாது, பிலார் சொல்வானா? சொன்னால் அவன் கழுத்துக்கே கத்தி. சிலை நின்றுவிட்டது. "கல்லுடைப்பவர்" என்று பலகை வைத்தார்கள். யித்காவுக்குச் சிபாரிசும் வந்தது.

அதற்குப் பிறகு ஊரில் கிண்டலுக்குக் குறைவில்லை. யாராவது நோயில் மெலிந்தால், "என்னப்பா, ப்ரொகோப் உன்னைச் செதுக்கிட்டாரா?" என்பார்கள். இவர் காதுபடவே சொல்வார்கள். கிண்டல்கூடப் பரவாயில்லை. முகம் கொடுக்க ஒருவரும் வரவில்லை. பக்கத்து ஊர் மாதா கோயிலுக்கு ஒரு புனித ஜோசப் கேட்டார்கள். இவர் தச்சரிடம் போய்க் கேட்டார். தச்சர் ரம்பத்தை நிறுத்தாமலே, "வேண்டாம் ப்ரொகோப். என்னிக்கு என்னைச் சீவச் சொல்வாங்களோ" என்றார். வீட்டுக்கு வந்தவர், இனி முகமே செய்வதில்லை என்று கல்லறைக் கல்லில் எழுத்து மட்டும் வெட்ட ஆரம்பித்தார். மூன்று ஆள் உயரத்துக்குச் செய்த கை, செத்தவர் பெயரை விரல் உயரத்துக்கு வெட்டிக்கொண்டிருந்தது. உப்புக் கிண்ணத்தைப் பெரிதாகச் செய்தவர் கடைசியில் சின்னதாகச் செய்யக் கற்றுக்கொண்டார் என்று நான் ஒருநாள் வேடிக்கையாகச் சொன்னேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வருஷா வருஷம் திருநாளன்று வாத்து போகும். மத்தியானத்துக்குள் திரும்பி வரும். சில வருஷம் ரூஜெனா ஓட்டிவிடுவாள், சில வருஷம் வாத்தே வழி கண்டுபிடித்து வந்துவிடும். "விடுய்யா, ஊரே சிரிக்குது" என்பேன். "அவன் உயிரோடதானே இருக்கான்" என்பார். அவருக்கு அது ஒன்றுதான். ஒரு வருஷமாவது அந்த வாத்து அங்கேயே தங்கிவிடாதா என்று கொல்லைக் கதவருகே நிற்பார். நான் அதை அடித்துச் சமைத்தால் தொடமாட்டார்.

பிறகு பொதுமன்னிப்பு வந்தது. அறுபதாம் வருஷம், மே மாதம். ஹினெக் பஸ்ஸில் வந்து மைதானத்தில் இறங்கினான். நான் ரொட்டிக்கடை வாசலில் இருந்தேன். யாரோ கிழவர் என்றுதான் நினைத்தேன். இறங்கியவர் சிலைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். வெயில் கண்ணில் பட்டது, கையைத் தூக்கி நெற்றிக்கு மேல் வைத்தார். அப்போதுதான் அது ஹினெக் என்று எனக்கு உறைத்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று. அதே ஒட்டிப்போன கன்னம், அதே குழி விழுந்த கண், தோளுக்குப் பொருந்தாத சின்னத் தலை. மூக்கு மட்டும் வேறு.

இவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். உளியைக் கீழே வைத்தார். "இங்க வருவான்" என்றார். "வந்தா சொல்லிடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தான். பின்னால் ரூஜெனா. அவன் இழுத்து வந்திருக்கிறான் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது. எங்கள் வீட்டு வாசலை மிதிப்பது அத்தனை வருஷத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. காப்பி வைத்தேன், கசகசா கேக் வெட்டினேன். ஹினெக் உட்காரவே இல்லை. நேரே போய் இவரைக் கட்டிக்கொண்டான். இருமல் வந்து இருவரையும் உலுக்கியது.

"ஏண்டா," என்றான் மூச்சு வாங்கியபடி, "அங்க இருந்தப்ப நான் என்ன நினைச்சேன் தெரியுமா? ஊர்ல ஒருத்தன்கூட என் பேரைச் சொல்லமாட்டான்னு நினைச்சேன். பயம். நானா இருந்தாலும் அப்படித்தான். ஆனா பஸ்ஸை விட்டு இறங்கிப் பாக்கிறேன்... நீ என்னை அங்க எப்படி இருந்தேனோ அப்படியே செஞ்சு நடு மைதானத்துல நிக்க வச்சிருக்கே! அந்த பிலார் கண்ணு முன்னாடியே! எப்படிடா தெரிஞ்சுது உனக்கு?"

இவர் அவன் கையை விலக்கினார். "இல்லடா. உட்காரு. நான் சொல்றதைக் கேளு."

"என்ன சொல்லப்போறே?"

"உன்னை நினைச்சுச் செய்யலை. உன் முகத்தை அழிக்கச் சொன்னாங்க. அழிச்சேன். அழிக்கணும்னுதான் சீவினேன். யித்காவுக்காக. அது உன் முகமா வந்தது என் கையோட புண்ணியம் இல்லை."

ஹினெக் அப்படியே நின்றான். அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் போவதை நான் பார்த்தேன். எதையோ கேட்கப்போகிறவன்போல் பெண்டாட்டி பக்கம் திரும்பினான். ரூஜெனா மேஜை விரிப்பின் ஓரத்தை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷமாக மனசில் வைத்திருந்ததைக் கொட்ட அவளுக்கு இதைவிட நல்ல நேரம் வராது. கொட்டப்போகிறாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவள் சிரித்தாள்.

"கேட்டீங்களா இவன் பேச்சை? பிலார்கிட்ட இதையேதான் சொன்னான், அழிக்கிறேன் அழிக்கிறேன்னு. அவனும் நம்பினான். சொல்லிச் சொல்லி இப்ப இவனே நம்ப ஆரம்பிச்சுட்டான். பயந்தவனுக்குப் பொய் நிஜம் தெரியாது."

"ரூஜெனா..." என்றார் இவர்.

"நீ பேசாத. கீழ நின்னு பாத்தவ நான். ஒவ்வொரு அடியையும் பாத்தேன். இவர் எப்படி இளைப்பாருன்னு யோசிச்சு யோசிச்சுத்தான் நீ எடுத்தே."

ஹினெக் மேஜையை ஓங்கி அறைந்தான், கோப்பைகள் குதித்தன. "எனக்குத் தெரியும்! இவன் சின்ன வயசுலயே இப்படித்தான். நல்லது பண்ணிட்டு ஒளிஞ்சுக்குவான்." ஒரு பெரிய கேக் துண்டை வாயில் போட்டான். "ஆனா மூக்கை ஏண்டா நேராக்கினே? அது மட்டும் என்னுது இல்லை."

"தப்பாயிடுச்சு" என்றார் இவர்.

அவர்கள் போன பிறகு இவர் கொல்லையில் போய் உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தக் கோடை முழுக்க ஹினெக் அவரைத் தேடி வருவான், பீர்க்கடைக்கு இழுத்துப் போவான், போகிறவன் வருகிறவனிடமெல்லாம் "இவன்தான், இவன்தான்" என்று தோளில் தட்டுவான். உண்மை தெரிந்த ஊர் குனிந்து பீர் குடிக்கும். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் ஊரை ஆயிரம் திட்டியிருக்கிறேன். அதற்காக மட்டும் கும்பிடுவேன்.

திருநாள் வந்தது. இவர் வழக்கம்போல் வாத்தை வாவ்ரா வீட்டு வேலிக்குள் விட்டுவிட்டு வந்து கொல்லைக் கதவருகே நின்றார். மத்தியானம் ஆயிற்று. வாத்து வரவில்லை. அதற்குப் பதில் ரூஜெனா வந்தாள். துணியில் சுற்றி எதையோ இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, உப்புக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்தாள். பிரித்தாள். கோணல் மூக்கு. புளித்த கோஸ் வாடை குப்பென்று அடித்தது.

"கோஸ் புளிக்கப் போடுற ஜாடிக்குள்ள, கோஸை அமுக்குற பாரமா வச்சிருந்தேன்" என்றாள். "ரெண்டு தடவை வீட்டைச் சோதனை போட்டாங்க, ஜாடியில கைவிடலை. இனிமே என் வீட்டுல இருக்கக்கூடாது. அவர் ஜாடியைத் திறக்கிறேன் திறக்கிறேன்னு நிக்கிறார். கண்ணுல பட்டா கேப்பார்."

இவர் மூக்கைத் தொடவில்லை. "ரூஜெனா, நீ அன்னிக்கு ஏன்..."

"உனக்காகன்னு நினைச்சுக்காத." குரல் உயரவில்லை. "டாக்டரான உன் மகதான் அவர் நெஞ்சைப் பாத்துட்டுச் சொன்னா. ரொம்ப நாள் இல்லை. யாரோ ஒருத்தன் தன்னை மறக்கலைன்னு நினைச்சுக்கிட்டுப் போகட்டும். நீ அந்தப் பொய்யைச் சுமக்கணும். அவர் முன்னாடி ஒரு நாளும் வாயைத் திறக்கக்கூடாது. அதுதான் நான் உனக்குக் குடுக்கிறது."

இவர் தலையை ஆட்டினார்.

"வாத்து அடுப்புல இருக்கு" என்றாள். "அவர் வாசனை பிடிச்சுக்கிட்டு அடுப்படியிலயே உட்கார்ந்திருக்கார். அவர் சாப்பிடுவார். நான் ஒரு துண்டு தொடமாட்டேன்."

சொல்லிவிட்டுத் துணியை உதறி மடித்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் வாவ்ரா வீட்டுப் புகைபோக்கியிலிருந்து வாத்து வறுபடும் மணம் எங்கள் கொல்லைவரை வந்தது. ஒரு வருஷமாவது திரும்பி வராமலிருக்க வேண்டும் என்று இவர் ஏங்கிய வாத்து. அது திரும்பவில்லை. இவர் அந்த மூக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கோழிகள் சுற்றி நின்று பார்க்க, வாய்விட்டு அழுதார். நான் உள்ளே போய் எங்களுக்கு உருளைக்கிழங்கு வேகவைத்தேன்.